கரையிலே நடப்பவளைக் கேளுங்கள்

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து நான் எப்போது தடுமாறுவேன் என்று காத்திருக்கும் அன்பு நண்பர்களே! மத்தாப்புப் போலச் சிரிக்கின்ற சிவகாசிப் பெருமக்களே!

நீர்நிலைக் கரையிலே பூங்கா அமைக்கும் திட்டத்தைத் தீட்ட வேண்டியவர் நிபுணரா, மக்களா? இதுதான் இன்றைய கேள்வி. எதிரணித் தலைவர், "நோயாளியைக் கேட்டா டாக்டர் ஆபரேஷன் பண்றார்?" என்று கேட்டார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கேள்விக்குக் கைதட்டாவிட்டால் எப்படி? ஆனால் நடுவர் அவர்களே, கத்தியை எடுப்பதற்கு முன்னால் "எங்கேம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்பாரா, மாட்டாரா? அதைக்கூடக் கேட்காதவருக்கு டாக்டர் என்றா பெயர்? (சிரிப்பு)

எங்கள் வீடு கட்டும்போது என் வீட்டுக்காரர் இன்ஜினியரை வைத்துத்தான் பிளான் போட்டார். நல்ல இன்ஜினியர், குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் ஆறடி, இன்ஜினியரும் ஆறடி. இரண்டு பேரும் நின்று அளந்து அடுப்பு மேடையைக் கட்டிவிட்டார்கள். சமைக்கப் போகிறவள் ஐந்தடி! பலகை மேல் ஏறி நின்றுதான் இன்றைக்கும் தோசை சுடுகிறேன். (பலத்த சிரிப்பு) மேடையில் ஒரு விரிசல் கிடையாது. கணக்குச் சரிதான். கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம்ம பக்கம் வாருங்கள். இங்கே ஏரி என்று யாரும் சொல்வதில்லை, கண்மாய்தான். இந்த ஊரிலேயே சிறுகுளம் இருக்கிறது, பெரியகுளம் இருக்கிறது. கண்மாய் என்பது தண்ணீர் தேங்கிய பள்ளம் மட்டுமா? மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக உள்ளே வரும். மடை வழியாக வயலுக்குப் போகும். நிறைந்துவிட்டால் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். எந்த வருஷம் தண்ணீர் எதுவரை ஏறியது, கரை எங்கே பலவீனம் என்பதெல்லாம் மடை திறந்து மூடிய நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்து வரைபடம் போடுகிறவருக்கு அந்த வரத்துக்கால் ஒரு வெற்றிடம். "ஆகா, வண்டி நிறுத்த நல்ல இடம்!" என்று கோடு போட்டுவிடுவார். பிறகு தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும்? மழை பொய்க்கிற வருஷமும் உண்டு. அந்த வருஷம் படகுத்துறை இருக்கும், படகு இருக்கும், சுற்றிலும் சீமைக்கருவேல முள்ளும் இருக்கும்!

"எல்லோரையும் கேட்டால் ஆளுக்கொரு பேச்சு, வேலை நடக்காது" என்றார் எதிரணித் தம்பி. பெங்களூரிலே நடந்ததை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஊரில் ஹெப்பால், அகரா, நாகவாரா ஏரிகளை அழகுபடுத்துகிறோம் என்று தனியாருக்குப் பதினைந்து வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். கரையிலே மாடு மேய்த்தவன், மீன் பிடித்தவன் எங்கே போவான்? பொதுச் சொத்தைக் குத்தகைக்கு விடலாமா என்று 2008-இல் பொதுநல வழக்கு வந்தது. உயர்நீதிமன்றம் நீதியரசர் என்.கே.பாட்டீல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2012-இல் தீர்ப்பே வந்துவிட்டது. இனி எந்த ஏரியையும் இப்படித் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது! கேட்காமல் செய்த வேலை எத்தனை வருஷத்தைத் தின்றது பார்த்தீர்களா, தம்பி?

அதே பெங்களூரிலே சர்ஜாபூர் சாலைப் பக்கம் கைக்கொண்டரஹள்ளி என்று ஒரு ஏரி. அங்கே சுற்றியிருந்த குடியிருப்புக்காரர்கள் மாநகராட்சியோடு உட்கார்ந்து பேசினார்கள். எல்லா ஏரியையும் கிண்ணம் மாதிரி ஒரே ஆழமாகத் தோண்டிக் கரையைச் செங்குத்தாக எழுப்புவது அப்போது வழக்கமாக இருந்தது. கிண்ணமாக்கினால் கொக்கும் நாரையும் எங்கே நிற்கும்? அதற்கு முழங்காலளவு தண்ணீர் வேண்டாமா? அதையெல்லாம் பேசினார்கள். நடைபாதை வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரப் படிக்கட்டு அரங்கம் வந்தது. மாட்டுக்காரர்கள் புல் அறுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. பாடுபட்டவர்களே ஒரு சமிதி அமைத்துப் பராமரிப்பிலும் பங்கெடுத்தார்கள். சாக்கடைத் தொல்லை அங்கே அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாக்கடை உள்ளே வந்தால் சத்தம் போட அங்கே ஆள் இருக்கிறது. குத்தகை ஏரியில் யார் சத்தம் போடுவது, காவலாளியா?

"நாங்களும்தான் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கிறோமே" என்பார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. எப்போது வைக்கிறீர்கள்? புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு! அந்த நேரத்தில் இந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறார்கள்? விடிந்ததும் சோற்றைக் கட்டிக்கொண்டு பட்டாசு ஆலை வண்டி ஏறின பெண் பொழுது சாயத்தானே திரும்புகிறாள்? அவள் பார்ப்பது பீஸ் ரேட் வேலை. ஒரு நாள் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அப்போ கூட்டத்துக்கு யார் வருவார்? பென்ஷன் வாங்குகிற பெரியவர் வருவார், காண்டிராக்டர் வருவார், காண்டிராக்டரின் மைத்துனர் வருவார். (கைதட்டல்) ஏகமனதாக நீரூற்று தீர்மானமாகிவிடும்! அந்தப் பெண் வந்திருந்தால் நீரூற்றா கேட்டிருப்பாள்? "இருட்டிய பிறகு நடக்க விளக்கு போடுங்க, பெண்களுக்குத் தண்ணி வருகிற கழிப்பிடம் கட்டுங்க, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டி வந்தா டிக்கெட்டுன்னு மறிக்காதீங்க" என்றுதான் கேட்டிருப்பாள். நாள் முழுக்க வெடிமருந்து நெடியில் உட்கார்ந்திருப்பவள், நடுவர் அவர்களே. ஊரிலே நல்ல காற்று அதிகமாகத் தேவைப்படுவது அவளுக்கா, எனக்கா?

அமெரிக்காவிலே ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்று ஓர் அம்மையார். மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1969-லேயே எழுதி வைத்தார். அடிப்படியில் மக்களை ஏமாற்றுவது, உச்சிப்படியில் மக்கள் கையிலேயே அதிகாரம். நம்ம கருத்துக்கேட்பு எத்தனையாவது படி தெரியுமா? நாலாவது! கேட்பார்கள். கேட்டபடி செய்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மேலே ஏற வழி இல்லாமலா போய்விட்டது? நகராட்சிகளுக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்து வார்டுகளுக்கு ஏரியா சபை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2022-இல் விதிகள் வந்தன. அந்த நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று சபைகளும் கூடின. சிவகாசியும் 2021 முதல் மாநகராட்சி. பூங்காவின் வரைபடத்தை அந்தச் சபையிலே விரியுங்கள். தமிழிலே எழுதி விரியுங்கள். டெண்டர் விட்ட பிறகு அல்ல, விடுவதற்கு முன்னால்.

இன்ஜினியர் வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. கரையின் பலத்துக்கு அவர் கணக்குத்தான் வேண்டும். பென்சில் அவர் கையிலேயே இருக்கட்டும். எங்கே கோடு போடுவது என்பதை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையிலே பாய் விரித்து உட்கார்ந்து, எங்களைக் கேட்டுப் போடட்டும். எதிரணிக்கு அதிலே என்ன நஷ்டம் என்று தீர்ப்புக்கு முன்னால் நீங்கள்தான் அவர்களிடம் கேட்க வேண்டும்.