காட்டேரிக்குக் கதவைத் திறப்பது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)



சனிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு இளையர்கள் உட்கார்ந்து பகடை உருட்டுவார்கள். முதல்முறை அதைப் பார்த்த அம்மா என்னைச் சமையலறைக்கு அழைத்து, "இந்த வயதில் பேய் பிசாசு விளையாட்டா? வீட்டுக்கு ஆகுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய என் உரை.

நாங்கள் ஆடுவது பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு. இந்த வகைக்கு வழிவகுத்தது 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் அதை உருவாக்கினார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி நடிப்பார்கள். செய்யத் துணிந்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கணினி வேண்டாம், காகிதமும் கற்பனையும் போதும்.

இந்த விளையாட்டில் தொடக்கம் முதலே இரத்தக் காட்டேரி உண்டு. அதைக் காட்டேரி என்று அழைக்க எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். நம்மில் சிலருக்குக் காட்டேரி காவல் தெய்வம். ஆனாலும் 'வேம்பயர்' என்பதற்கு நம் நாவில் பழகிய சொல் அதுதான் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய விளையாட்டில் அதன் அடி பட்டால் உயிர்ப்புள்ளிகளோடு, பாடுபட்டுச் சேர்த்த இரண்டு நிலைகளும் பறிபோகும். பல மாதம் ஆடி வளர்த்த பாத்திரம் ஒரே அடியில் சறுக்கிவிடும். சாவதைக் காட்டிலும் அதற்குத்தான் ஆட்டக்காரர்கள் அதிகம் அஞ்சினார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், காட்டேரி கடித்துக் குறைத்த உயிர்ப்புள்ளி ஒரு நீண்ட ஓய்வுக்குப் பிறகு திரும்பிவிடும். இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிற இழப்புக்கு யார் பயப்படுவார்கள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. பூண்டு, சிலுவை, வெயில், நெஞ்சில் மரமுளை என்று எல்லா மருந்தும் எல்லாருக்கும் மனப்பாடம். பரீட்சைத் தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாதிரி! போதாக்குறைக்கு, இன்றைய படங்களில் காட்டேரி அழகான காதலனாகவும் வந்துவிட்டது.

அப்படியானால் அதை மறுபடியும் எப்படிப் பயங்கரமாக்குவது? நான் பழைய கதைகளுக்குத் திரும்பிப் போனேன்.

1725இல், ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கீழிருந்த செர்பியக் கிராமம் ஒன்றில் ஒரு குடியானவர் இறந்தார். அடுத்த சில நாள்களில் வேறு சிலரும் இறந்தார்கள். இறந்தவர் இரவில் வந்து கழுத்தை நெரித்ததாக அவர்கள் சாகும்முன் சொன்னார்கள். அவர் வீட்டுக்கு வந்து தம் காலணியைக் கேட்டதாக மனைவி சொன்னார். அதிகாரி ஒருவர் எழுதிய அறிக்கை வியன்னா செய்தித்தாளில் அச்சானது. இந்தக் காட்டேரிக்குக் கோட்டையும் இல்லை, கறுப்பு மேலங்கியும் இல்லை. சொந்த வீட்டுக் கதவைத் தட்டிய சொந்தக் கணவர்!

1819இல் ஜான் பொலிடோரியின் கதையில்தான் காட்டேரி சீமானானது. 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தது. அந்த நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். வெயில் பட்டுச் சாவது 1922இல் வந்த 'நொஸ்ஃபெராட்டு' படத்தின் கைவரிசை. ஆனால் ஸ்டோக்கர் ஒரு விதியை அழுத்திச் சொன்னார்: வீட்டிலுள்ள ஒருவர் அழைக்காமல் அது முதன்முறை உள்ளே வர முடியாது.

விளையாட்டு உலகிலும் இதை யோசித்தவர்கள் உண்டு. டிரேசி ஹிக்மன் ஒருமுறை ஆடும்போது, பாதாள அறை ஒன்றில் காரணமே இல்லாமல் ஒரு காட்டேரி நிற்பதைப் பார்த்தார். 'இது இங்கே என்ன செய்கிறது?' என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அவரும் மனைவி லாராவும் சேர்ந்து எழுதிய 'ரேவன்லாஃப்ட்' 1983இல் வந்தது. அதில் வரும் ஸ்ட்ராட் பிரபு தம்பியின் காதலியை அடைய விரும்பித் தம்பியையே கொன்றவன். அவன் அதைக் காதல் என்கிறான். நமக்கு அது காதலாகத் தெரிவதில்லை.

நம் மண்ணிலும் இந்தப் பயம் இருக்கிறது. மலாய் நம்பிக்கையில் பொந்தியானாக், பிரசவத்தோடு தொடர்புள்ள மரணத்திலிருந்து பிறந்த ஆவி. 1957இல் சிங்கப்பூரில் பி. என். ராவ் அதைப் படமாக்கினார். தலை மட்டும் பறக்கும் பெனாங்காலான் 1981லேயே இந்த விளையாட்டின் அரக்கர் நூல் ஒன்றில் இடம்பிடித்துவிட்டது. அது தேடி வருவது பிள்ளை பெற்றவளை. அதைத் தடுக்க வீட்டைச் சுற்றி முள் வைப்பார்கள். பேறுகாலத்தில் பெண்கள் இறந்த காலத்தின் துயரம் இந்தக் கதைகளுக்குள் இருக்கிறது.

ஆகவே என் மேசையில் மூன்று விதி வைத்தேன். காட்டேரி தெரிந்தவராக இருக்க வேண்டும். கேட்டு வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். அது எடுத்துக்கொள்வது திரும்பக் கிடைக்கக்கூடாது.

ஒரு சனிக்கிழமை, கதையில் மழை இரவு. வாசலில் ஓர் கனவான். அந்தக் குடும்பத்தின் கடனை அடைத்தவர். "நனைகிறேன், உள்ளே வரலாமா? உனக்காக எவ்வளவு செய்தேன்!" என்று மென்மையாகக் கேட்கிறார். பையன்கள் மரமுளையைத் தேடினார்கள். எப்போதும் அதிகம் பேசாத ஒரு பெண், "அக்கா, நான் திறக்கமாட்டேன்," என்றாள். அவர் மன்றாடினார், குறைபட்டுக்கொண்டார், கடைசியில் மிரட்டினார். மூன்று முறையும் அவள் "முடியாது" என்றாள். அன்று பகடையே உருளவில்லை. விடிந்தது, அவர் போய்விட்டார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு அவள் குவளைகளைக் கழுவிக்கொண்டே, "இப்படிப் பேசுகிற ஒருவரை எனக்குத் தெரியும், அக்கா," என்றாள். நான் கதை நடத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். அன்றிரவு நெடுநேரம் பேசினோம். அவள் சொன்னதை இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. விளையாட்டில் சொல்லிப் பழகிய 'முடியாது' என்ற சொல்லைப் பிறகு வெளியிலும் அவள் சொன்னாள் என்பது மட்டும் போதும்.

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மறுநாள் காலை, "உன் பாட்டி சொல்வாரே, ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று முறை கேட்காமல் பதில் கொடுக்காதே என்று. அதுவும் இதுதானா?" என்றார்.

அதுவும் இதுதான், அம்மா. அடுத்த சனிக்கிழமை ஆறு குவளைத் தேநீரை அவரே கலக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

பிள்ளைகள் பேய்க்கதை பேசினால் உடனே தடுக்காதீர்கள். கொஞ்சம் அருகில் உட்கார்ந்து, அந்தப் பேய் யாருடைய குரலில் பேசுகிறது என்று கேளுங்கள்.