வாங்கிய கப்பலும் பழகிய கைகளும்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஜெர்மனி ஒன்றிணைந்த வரலாற்றை நடத்தும்போது பிஸ்மார்க்கையும் மூன்று போர்களையும் சொல்கிறோம். மூன்றையும் தீர்மானித்தது தரைப்படை. அப்போது கடற்படை என்ன செய்துகொண்டிருந்தது என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்?

1864இல் டென்மார்க்குடன் போர் மூண்டபோது, பிரஷ்யாவிடம் பணியில் இருந்த இரும்புக்கவசக் கப்பல் ஒன்றுகூட இல்லை. சிறிய நாடான டென்மார்க்கிடம் 'ரோல்ஃப் கிராக்கெ' என்ற நீராவிக் கவசக் கப்பல் இருந்தது. டேனியக் கப்பல்கள் பிரஷ்யத் துறைமுகங்களை முற்றுகையிட்டன.

இரும்பும் நிலக்கரியும் பிரஷ்யாவில் இருந்தன. க்ருப் ஆலையில் பீரங்கி வார்த்தார்கள். ஆனால் கவசக் கப்பல் கட்டிய அனுபவம் இல்லை. எனவே வெளியே வாங்கினார்கள். 'அர்மீனியஸ்', 'குரோன்பிரின்ஸ்' இரண்டும் லண்டனில் கட்டப்பட்டவை. 'பிரீட்ரிக் கார்ல்' பிரான்சில் கட்டப்பட்டது. 'கோனிக் வில்ஹெல்ம்' துருக்கிக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்டுவந்தபோது, 1867இல் பிரஷ்யா விலைக்கு வாங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காகக் கட்டிய 'பிரின்ஸ் அடால்பெர்ட்' 1865இல் கைக்கு வந்தது. அதன் மர உடல் உளுத்துப்போனதால் சில ஆண்டுகளிலேயே பணியிலிருந்து நீக்கினார்கள்.

1870இல் பிரான்சுடனேயே போர் வந்தது. பெரிய கவசக் கப்பல்கள் இயந்திரக் கோளாறுகளால் பெரும்பாலும் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகத்தை ஒட்டியே நின்றன. பிரெஞ்சுக் கப்பல்களை அடிக்கடி எதிர்கொண்டது சிறிய 'அர்மீனியஸ்'தான்.

சொந்த நாட்டில் கட்டிய முதல் கவசக் கப்பல் 'ஹான்சா'. 1868இல் டான்சிக் நகரில் தொடங்கிய வேலை முடிந்து, அது பணிக்கு வந்தது 1875இல். 1872இல் கடற்படைத் தலைமை ஏற்ற தரைப்படைத் தளபதி ஸ்டோஷ், கப்பல்களை உள்நாட்டிலேயே கட்ட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஸ்டெட்டின், கீல், வில்ஹெல்ம்ஸ்ஹாவன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே வகைக் கப்பல்கள் மூன்று உருவாயின.

அவற்றுள் ஒன்று 'குரோசர் குர்பியூர்ஸ்ட்'. 1878 மே 31 அன்று இங்கிலாந்தின் போக்ஸ்டன் கடற்கரைக்கு அருகே சென்றபோது, குறுக்கே வந்த பாய்மரக் கப்பல்களுக்கு வழிவிட அது சட்டெனத் திரும்பியது. உடன் வந்த 'கோனிக் வில்ஹெல்ம்' விலகிச் சென்றிருக்க வேண்டும். சுக்கான் பிடித்தவர் ஆணையைத் தவறாகப் புரிந்துகொண்டு தவறான பக்கம் திருப்பினார். எதிரிக் கப்பலை இடிப்பதற்கென முகப்பில் வைத்த இரும்பு முனை, தோழமைக் கப்பலின் விலாவைக் கிழித்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தக் கப்பல் பணியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பதினான்கு ஆண்டுகளில் ஒரு நாடு கப்பல் வாங்கியது, பிறகு கட்டவும் கற்றுக்கொண்டது. அதை ஓட்டும் கைகளைப் பழக்குவதற்கு அதைவிடப் பொறுமை தேவைப்பட்டது. 1878இல் இறந்தவர்கள் எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் அல்லர் என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இதை நடத்தும்போது ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். ஐரோப்பிய வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு கப்பலும் எங்கே கட்டப்பட்டது என்று மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். புள்ளிகள் லண்டனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் மெல்ல டான்சிக்குக்கும் கீலுக்கும் நகர்வதை அவர்களே காண்பார்கள். பிறகு, "இவ்வளவு இரும்பு இருந்தும் ஏன் முதலில் வெளியே வாங்கினார்கள்?" என்று கேளுங்கள். விடையை அவர்கள் பேசட்டும். நாம் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருப்போம்.