செக்கும் தறியும்



வெண்ணந்தூரில் தறிச் சத்தம் இல்லாத தெரு குறைவு. கைத்தறிக்குப் பழக வரும் பிள்ளையை எடுத்த எடுப்பில் குழித்தறியில் உட்கார வைக்க மாட்டார்கள். முதலில் தார் சுற்றக் கொடுப்பார்கள். அடுத்தது அறுந்த இழையை முடிவது. பாவு பிணைக்கக் கை பழகிய பிறகுதான் நாடாவும் மிதியும். பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி ஆளுக்குத் தக்கபடி கொடுக்கிற இந்த வழக்கம், ஆக்குபேஷனல் தெரபி என்கிற தொழில்வழிச் சிகிச்சையின் அடிப்படைகளில் ஒன்று.

இந்தச் சிகிச்சை சிறைக்கும் தேவை. வேலை சிறைக்குப் புதிதல்ல. 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரனாரைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்று சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது. உடம்பை ஒடிப்பதற்கென்றே கொடுத்த வேலை அது.

வேலையை மருந்தாக்கிய வரலாறும் தமிழ்நாட்டில் உண்டு. 1794இல் தொடங்கிய மனநோயாளர் விடுதியின் வழிவந்தது சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. அங்கே 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் டாக்டர் சாரதா மேனன். நோயாளிகளைப் பூட்டி வைத்துச் சோறு போடுவதோடு நின்றுவிடாமல், அவர்களுக்கென்று தொழிற்கூடத்தை உண்டாக்கினார்.

மனச்சிதைவு வந்த கைதிக்கு மாத்திரை காதில் கேட்கும் குரல்களைக் குறைக்கும். ஆனால் நேரத்துக்கு எழுவது, குளிப்பது, தொடங்கியதை முடிப்பது, நாலு பேரோடு உட்காருவது ஆகியவை மாத்திரையால் மட்டும் திரும்பி வருவதில்லை. அங்கேதான் சிகிச்சையாளர் தேவைப்படுகிறார். இன்று பத்து நிமிடம் தார் சுற்றச் சொல்வார். அடுத்த வாரம் இருபது நிமிடம். சில மருந்துகளால் கை நடுங்கும், உடல் மந்தமாகும். இழை அடிக்கடி அறுந்தால் காவலர் கண்ணுக்கு அது சோம்பலாகத் தெரியலாம். சிகிச்சையாளரோ மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவருக்குக் குறிப்பு எழுதுவார். கத்தரியும் ஊசியும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டிய இடம் சிறை. ஆகவே எவருக்கு எந்தக் கருவி, எந்த நாளில் என்பதையும் சிகிச்சையாளர்தான் யோசிக்க வேண்டும்.

ஒருவரை இப்படித் தொடர்ந்து கவனிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்?

அசாமின் மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் தேறிவிட்டதாக மருத்துவர்கள் சொன்ன பிறகும் விசாரணை நடக்கவில்லை. அவர் வெளியே வந்தது 2005இல். ஐம்பத்து நான்கு ஆண்டுகள்!

குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று ஷீலா பார்சே வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டு உள்ளே இருப்பவர்களுக்கு வழி சொல்வது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 103ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சையகம் இருக்க வேண்டும். தம் சிறையில் மனநோயாளி எவரும் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்பவும் வேண்டும்.

சான்றுக்கு ஒரு கையெழுத்து போதும். நோயைக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் வேண்டும். தறிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினோம் என்று பதிவேட்டில் எழுதுவது சிகிச்சையாகிவிடாது. அன்று எத்தனை மீட்டர் துணி வந்தது என்பதை மட்டும் அந்தப் பதிவேடு சொன்னால், செக்கின் கணக்குத்தான் இன்னும் நடக்கிறது. நெய்தவர் உறங்கினாரா, பேசினாரா, நேற்றைவிட அதிக நேரம் உட்கார்ந்தாரா என்பதும் அதில் ஏற வேண்டும். செய்த வேலைக்கு நியாயமான கூலியும் சேர வேண்டும். கடுங்காவல் கைதிகளுக்கு அது உரியது என்று 1998இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு சேலம் மத்திய சிறை தூரத்து இடமில்லை. அங்கே கொடுக்க ஒரு இராட்டையும், கற்றுக்கொடுக்க ஒரு மூத்த நெசவாளியும் வெண்ணந்தூரில் கிடைப்பார்கள். அந்த இராட்டையை யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம் கொடுப்பது என்று சொல்ல ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் வேண்டும். அந்தப் பணியிடத்தைக் கேட்டு சிறைத்துறைக்கு ஒரு மனு எழுதுங்கள். தறிக்காரர்கள் எல்லோரும் அதில் கையெழுத்திடுங்கள்.