அத்திம்பேரிடம் சொல்லாமல் விட்டது

(புனே கிளைக் கூட்டத்தில் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் சற்று விரிவாக எழுதித் தந்திருக்கிறேன்.)

 

"ஏதாவது ஆரோக்கியம் பற்றிப் பேசுங்கோ சார்" என்றுதான் செயலாளர் கேட்டார். சர்க்கரை வியாதி, நடைப்பயிற்சி, வெந்தயம் என்று எதிர்பார்த்திருப்பார். நான் தலைப்பைச் சொன்னதும் போனில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "நவராத்திரி முடிஞ்சப்புறம் வெச்சுக்கலாமா?" என்றார். ஆகவே இன்றைக்கு.

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய அரசில் 34 வருடம் ஃபைல் பார்த்தவன். இந்த விஷயத்தைப் பேச எனக்கு உள்ள ஒரே தகுதி, நான் செய்த ஒரு தப்பு.

2019-ல் என் அத்திம்பேருக்குக் கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தது. அவருக்கு வயது 77. பாங்க் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ரூபாய் கணக்கு இடித்தாலும் தூக்கம் வராது. அவர் பிள்ளை நியூ ஜெர்சியில், பெண் பெங்களூரில். இரண்டு பேரும் போனில் சொன்னது ஒன்றே: "மாமா, அப்பாகிட்ட சொல்லாதீங்கோ, தாங்க மாட்டா." டாக்டரின் அறையிலிருந்து நான் வெளியே வந்தபோது அத்திம்பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என்னடா சொன்னார்?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லை அத்திம்பேர், கணையத்துல ஒரு வீக்கம். மருந்து ஏத்தினா கரைஞ்சுடுமாம்" என்றேன்.

அவருக்கும் அவர் தம்பிக்கும் பூர்வீக வீட்டு விஷயத்தில் மனஸ்தாபம். 11 வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அந்த வாரம் அவராகவே என்னிடம், "உடம்பு கொஞ்சம் தேறட்டும், திருச்சிக்குப் போய் நேரிலேயே அவனைப் பார்த்துப் பேசிடறேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து, தொற்று ஏற்பட்டு, ஐ.சி.யு.வுக்குக் கொண்டு போனார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு இளம் டாக்டர் வந்து, "வென்டிலேட்டர் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். 16 நாள் இருந்தார். தம்பி திருச்சியிலிருந்து ஓடி வந்தார்; கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் குறை சொல்ல வரவில்லை. தனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த மனிதர் அந்த வாரமே திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருப்பார். அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருடையது. பிரியத்தின் பெயரால் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டோம்.

டாக்டர் எங்களிடம் பொய் சொல்லவில்லை. "நாலில் ஒருவருக்கு ரெஸ்பான்ஸ் இருக்கும்" என்றார். நாலில் ஒருவர் பிழைப்பார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். புற்றுநோய் வைத்தியத்தில் ரெஸ்பான்ஸ் என்றால் ஸ்கேனில் கட்டி குறிப்பிட்ட அளவு சுருங்கிற்று என்று மட்டுமே அர்த்தம். அது குணமும் இல்லை. ஆயுள் நீளும் என்ற உத்தரவாதமும் இல்லை. இதை நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சயன்ஸ் படித்தவனுக்கே இந்தக் கதி.

எண்கள் விஷயத்தில் இன்னொன்று. "இந்த மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்" என்றால், எதில் பாதி என்று கேளுங்கள். நூறு பேரில் 40 பேருக்கு வருவது 20 ஆனாலும் பாதிதான். இரண்டு பேருக்கு வருவது ஒன்று ஆனாலும் பாதிதான். முதலாவதற்காக நான் வாந்தியையும் களைப்பையும் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவதற்கு யோசிப்பேன். "என்னைப் போல நூறு பேர் இதை எடுத்துக்கொண்டால் எத்தனை பேருக்கு நன்மை, எடுத்துக்கொள்ளாவிட்டால் எத்தனை பேர்?" என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதே சமயம், எண்ணைக் கண்டு மிரளவும் வேண்டாம். ஸ்டீபன் ஜே கூல்ட் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய உயிரியல் விஞ்ஞானி இருந்தார். 1982-ல் அவருக்கு வயிற்றில் ஓர் அபூர்வமான புற்றுநோய் வந்தது. நோய் தெரிந்தபின் வாழும் காலத்தின் இடைநிலை எட்டு மாதம் என்று புத்தகங்களில் போட்டிருந்தது. அவர் அதைத் தன் ஆயுள் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்குமேலும் இருக்கிறார்கள், அதில் சிலர் வெகு காலம் இருக்கிறார்கள், நான் எந்தப் பாதியில் வருவேன் என்று யோசித்தார். அதைப் பற்றி 1985-ல் ஒரு கட்டுரையும் எழுதினார். அவர் காலமானது 2002-ல். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. எண்ணை முழுசாகத் தெரிந்துகொண்டதால் அவர் தைரியம் குறையவில்லை, கூடிற்று என்பதற்காகச் சொன்னேன்.

"சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவா" என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வது. சிலர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புவதில்லை. அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் அதை அவர்களிடமே கேட்டுவிடலாமே. "அப்பா, ரிப்போர்ட் எல்லாம் வந்திருக்கு. நீங்களே தெரிஞ்சுக்கறேளா, நான் பார்த்துக்கட்டுமா?" இந்த ஒரு கேள்வியை நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். சட்டப்படியும் சம்மதம் நோயாளியுடையது. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி என்ன, செய்யாவிட்டால் என்ன என்பதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும், பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அடுத்து வலி நிவாரண வைத்தியம், பாலியேட்டிவ் கேர் என்கிறார்களே, அது. "கை விரிச்சுட்டா" என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். அது சரியில்லை. 2010-ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் ஒரு பகுதியினருக்கு ஆரம்பத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் மனச்சோர்வு குறைவாக, கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சையும் குறைவாகப் பெற்றார்கள். ஆயுளின் இடைநிலையோ 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

நம் நாட்டில் மும்பையில் சாந்தி அவேத்னா 1986-லேயே ஆரம்பித்தது. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கியது, கேரளம் முழுக்க அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. டில்லியில் இருப்பவர்களுக்குக் கான்சப்போர்ட் தெரிந்திருக்கும். மார்ஃபின் கிடைப்பதற்கு முன்பெல்லாம் பல லைசென்ஸ் வேண்டும். 2014-ல் போதை மருந்துச் சட்டத்தைத் திருத்திச் சுலபமாக்கினார்கள். டாக்டர் அளவறிந்து கொடுக்கும் மார்ஃபினால் பழக்கத்துக்கு அடிமையாகிவிடுவார்கள் என்று பயந்து, வலியில் துடிப்பவருக்கு அதை மறுப்பது பாபம் என்று நான் நினைக்கிறேன்.

நாமெல்லாம் தினமும் அநாயாச மரணம் வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள். பகவானிடம் கேட்கிறோம், பிள்ளையிடம் சொல்வதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போடப் போகிறவன் அவன்தானே?

இப்போது இதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும், முன்கூட்டியே மருத்துவ உயில் எழுதி வைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. விஷ ஊசி போட்டு உயிரை எடுப்பது அதில் வராது, அது குற்றம்தான். குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில், பேசும் நிலையிலும் நாம் இல்லாவிட்டால், உயிரை வெறுமே இழுத்துப் பிடிக்கும் கருவிகளை வைக்காமல் இருப்பதும் எடுப்பதும் மட்டுமே. அப்போதும் ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். புத்தி தெளிவாக இருக்கும்வரை உயில் பேசாது, நாம்தான் பேசுவோம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

2018-ல் மாஜிஸ்திரேட் முன்னிலையில் கையெழுத்து என்று வைத்திருந்தார்கள். யார் போவார்கள்? 2023 ஜனவரியில் அதை மாற்றி, இரண்டு சாட்சிகள், பிறகு நோட்டரி அல்லது கெஜடட் ஆபீசர் சான்று போதும் என்றார்கள். சர்வீஸில் இருந்தபோது பச்சை மையில் எத்தனையோ ஆயிரம் மார்க் ஷீட்டுக்கு அட்டெஸ்டேஷன் போட்டிருக்கிறேன். உபயோகமான ஒரு காகிதம் வந்தபோது நான் ரிடையர்ட்.

என்னுடையதை நோட்டரியிடம் போய் முடித்துவிட்டேன். இரண்டு பக்கம். நினைவு திரும்பாது என்று டாக்டர்கள் சொன்னால் வென்டிலேட்டர் வேண்டாம். பரவிய வியாதியில் இதயம் நின்றால் மார்பை அழுத்தி எழுப்ப வேண்டாம். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் தாராளமாக மருந்து வேண்டும். எனக்காக முடிவு சொல்ல என் பெண்ணும் மாப்பிள்ளையும். ஒரு பிரதி குடும்ப டாக்டரிடம், ஒன்று பெண்ணிடம், ஒன்று சுவாமி அலமாரிப் பக்கத்து டிராயரில். எழுதியது ஒரு மணி நேரம். பெண்ணிடம் பேசியது மூன்று சாயங்காலம். அவள் அழுதாள். பிறகு, "அப்பா, நிமோனியா மாதிரி குணமாகிற வியாதின்னா?" என்று சரியான கேள்வி கேட்டாள். குணமாகும் வியாதிக்கு எல்லா வைத்தியமும் செய்யணும் என்று ஒரு வரி சேர்த்தேன்.

என் மனைவி மட்டும், "அச்சானியமாப் பேசாதீங்கோ" என்று எழுந்து போய்விட்டாள். நான் வற்புறுத்தவில்லை. ஆறு வாரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, "எனக்கு எழுதறச்சே ஆத்துலயே இருக்கணும்னு போடுங்கோ. மூக்குல குழாய் வேண்டாம். வலிக்கு மட்டும் ஏதாவது குடுக்கச் சொல்லுங்கோ" என்றாள். நீயே உன் கையால் எழுது என்றேன். பேனாவும் பேப்பரும் இன்னும் சாப்பாட்டு மேஜைமேல் இருக்கின்றன.

மாதிரிப் படிவம் 20 பிரதி ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன். காபி வைத்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது.