கூட்டுக் குடும்பம்: தறவாடு தரும் பாடம்

கூட்டுக் குடும்பம் மறைந்து வருகிறது என்னும் கவலை மேடைகளில் அடிக்கடி எழுகிறது. முதியோரைப் பேணுவோர் இல்லை, சிறுவருக்குக் கதை சொல்லுவோர் இல்லை என்று இழப்புகள் எடுத்துரைக்கப்படுகின்றன. ஆனால் அவ்வமைப்பு கலையவேண்டும் என்று விரும்பியவர் யார், ஏன் விரும்பினர் என்னும் வினா அத்துணை அழுத்தமாகக் கேட்கப்படுவதில்லை. இவ்வினாவுக்குக் கேரளம் தெளிவான விடை தருகிறது. அங்கே தாய்வழிக் கூட்டுக் குடும்பமாகிய தறவாடு, சட்டங்களின் வாயிலாகப் படிப்படியாகக் கலைக்கப்பட்டது.

தறவாடு என்பது ஒரு மூதாயின் வழிவந்த பெண்களும், அவர்தம் உடன்பிறந்தாரும், அப்பெண்களின் மக்களும் பேரமக்களும் சேர்ந்த குடும்பம். நாயர் முதலிய சமூகங்களில் இது வழங்கியது. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகளாக அமைந்த நாலுகெட்டு அதன் புகழ்பெற்ற இல்லம். மணமானபின்னும் பெண் தன் பிறந்த தறவாட்டின் உறுப்பினளாகவே இருந்தாள்; அவள் மக்களும் அதற்கே உரியவர். ஆடவனின் மக்களோ அவன் மனைவியின் தறவாட்டைச் சேர்ந்தவர். மருமக்கள்தாயம் என்னும் இம்முறையில் சொத்து எல்லார்க்கும் பொது. அனைவரும் இசைந்தாலன்றிப் பங்கிட இயலாது. மூத்த ஆண்மகனாகிய காரணவர் அதனை ஆண்டு, எல்லார்க்கும் உணவும் உறைவிடமும் அளிக்கக் கடமைப்பட்டிருந்தார்.

இவ்வமைப்பின் சிறப்பு வெளிப்படை. விதவையோ, நோயுற்றவரோ, மணமாகாதவரோ யாராயினும் தறவாட்டில் இருக்க இடமும் உண்ணச் சோறும் பெறும் உரிமை அவருக்குப் பிறப்பிலேயே இருந்தது. அது யாருடைய இரக்கத்தையும் சார்ந்ததன்று.

குறையும் அதே அளவு ஆழமானது. நிர்வாகம் ஒருவர் கையில் குவிந்திருந்தது. காரணவர் பொதுச் சொத்தின் வருவாயைத் தம் மனைவி மக்களுக்குத் திருப்புகிறார் என்று இளையோர் குற்றம் சாட்டினர், வழக்குகள் பெருகின. ஆங்கிலக் கல்வி கற்று உத்தியோகம் பெற்ற இளைஞர், தம் உழைப்பின் பயன் தம் மக்களுக்குச் செல்லவேண்டும் என விரும்பினர். கணவன் இறந்தால் அவன் சொத்தில் மனைவிக்கும் மக்களுக்கும் உரிமையில்லை என்ற நிலை பெருந்துயர் விளைத்தது. அன்று திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த நாஞ்சில் நாட்டில் வேளாளரிடையே இருந்த இம்முறையின் கொடுமையைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலில் எள்ளலும் இரக்கமும் கலந்து பாடினார்.

சட்டமன்றங்கள் செவிசாய்த்தன. 1896-இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. திருவிதாங்கூரில் 1925-ஆம் ஆண்டின் நாயர் சட்டம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பங்கைப் பிரித்துக்கொள்ள வழிசெய்தது; சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான தறவாடுகள் பாகம் பிரிந்தன. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1933-இல் மலபாரில் தறவாட்டின் கிளையாகிய தாவழி தன் பங்கைக் கோரும் உரிமை பெற்றது. இறுதியாக, கேரளக் கூட்டு இந்துக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டு, 1976 டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கூட்டாக இருந்த சொத்து, பாகப்பிரிவினை நிகழ்ந்ததைப்போலவே அவரவர் தனிப்பங்காகக் கருதப்பட்டது.

இம்மாற்றத்தால் மனைவியும் மக்களும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றனர். இளையோர் காரணவரின் பிடியினின்று விடுபட்டனர். ஆகவே தறவாடு கலைந்ததை வெறும் வீழ்ச்சி என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் ஒரு கேள்வி விடையின்றி நின்றது. சொத்து பங்கிடப்பட்டது, காரணவரின் தலைமேலிருந்த கடமை யாருக்குப் பங்கிடப்பட்டது? நிலத்துக்கு அளவுண்டு, பத்திரம் உண்டு. முதியவருக்குச் சோறிடும் கடமைக்குப் பாகப் பத்திரத்தில் பெரும்பாலும் இடமில்லை. முதிய தாய் தன் பங்கையும் மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், தறவாட்டுக் கூரையும் இல்லை, தனக்கென நிலமும் இல்லை.

இது கேரளத்தின் சிக்கல் மட்டுமன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். கேரளம் கண்டதைப் பிற மாநிலங்களும் காணும்.

பழைய கடமையைப் புதிய வடிவில் நிறுவும் முயற்சியே 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம். கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரின் தலைமையில் தீர்ப்பாயம் அமைய அது வகைசெய்கிறது. மகனேயன்றி மகளும், வயது வந்த பேரனும் பேத்தியும் கடமைப்பட்டவர்கள். பேணிக்காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் எழுதிக் கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால், செல்லாததாக்க 23-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆதலின் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுதல் நன்று என்பதைப் பத்திரம் எழுதுவோரும் கிராம அலுவலரும் முதியோருக்கு உரைப்பது சிறு பணியன்று.

சட்டம் சோற்றுக்கு வழிசெய்யலாம். படுக்கையில் கிடப்பவரின் அருகில் அமர அதனால் இயலாது. இதனை உணர்ந்தே கேரள அரசு 2008-இல் வலிதணிப்புக் கொள்கை வகுத்து, ஊராட்சிகளின் துணையோடு செவிலியரும் தொண்டரும் வீடுதேடிச் செல்லும் பணியை வளர்த்தது. ஒரு குடும்பம் தாங்கிய சுமையில் ஒரு பகுதியை ஊர் ஏற்றுக்கொள்ளும் முறை இது.

பல தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்வது விரும்பத்தக்கதே. ஆனால் உரிமையை மறுத்துக் கடமையைக் காத்த வீடு நிலைக்கவில்லை என்பதே தறவாட்டின் வரலாறு. உரிமையைப் பங்கிட்டுக் கடமையை மறந்த வீட்டில் முதியவர் தனித்து நிற்கிறார். ஒருவருடைய உரிமையைப் பதிவு செய்யும் போதெல்லாம், அதனோடு செல்லும் கடமை யாருடையது என்று கேட்பது குடும்பத்துக்கும் அரசுக்கும் பொதுவான பொறுப்பாகும்.