பாகவதரும் சின்னப்பாவும்

தமிழ்ப் பேசும்படத்தின் முதற் பருவத்திலே கதாநாயகனிடம் முதலில் வேண்டப்பட்டது குரல். ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் வழக்கம் அன்று வேரூன்றியிருக்கவில்லை. பாட வல்லவனே நாயகனானான். அவ்வாறு திரையில் அரசோச்சியவர்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் ஆவர். இவ்விருவருள் எவர் பெரியவர் என்று ரசிகர்கள் கட்சி பிரிந்து வாதாடியதுண்டு. அவ்வாதம் ஓய்ந்துவிட்டது. எனினும், ஒவ்வொருவருடைய கலையும் எதனை ஆதாரமாகக் கொண்டு நின்றது என்னும் கேள்வி இன்றும் ஆராயத்தக்கதே.

1910ஆம் ஆண்டில் மாயவரத்தில் பிறந்த பாகவதர், சிறுவயதிலேயே திருச்சியில் நாடக மேடை ஏறியவர். முறையாகச் சங்கீதம் பயின்றவர். 1934இல் வெளிவந்த 'பவளக்கொடி' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. 1937இல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' ஆகிய இரண்டும் அவரைப் புகழின் உச்சியில் ஏற்றின. அவர் ஏற்ற பாத்திரம் கவியாயினும், பக்தனாயினும், அரசகுமாரனாயினும் மக்கள் கண்டது பாகவதரையே. பாத்திரம் அவரை நாடி வந்தது. அவர் பாத்திரத்தைத் தேடிச் சென்றாரல்லர். முகத்தில் அமைதி, அசைவில் நிதானம், உணர்ச்சி அனைத்தும் குரலில். இதுவே அவரது நடிப்பு முறை.

1916இல் புதுக்கோட்டையில் பிறந்த சின்னப்பாவும் நாடகக் கம்பனியில் வளர்ந்தவரே. ஆனால் அவர் பாட்டோடு மல்யுத்தமும் சிலம்பமும் கற்றவர். அவருடைய உடலும் நடித்தது. 1940இல் வெளியான 'உத்தம புத்திரன்' படத்தில் நல்லவனும் தீயவனுமாகிய இரட்டையர் வேடத்தை ஏற்று, நிற்கும் நிலையாலும் பேசும் தொனியாலும் இருவரையும் வேறுபடுத்திக் காட்டினார். 1944இல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தின் கச்சேரிக் காட்சியிலே பாடுபவரும் அவரே, பக்கவாத்தியம் வாசிப்பவர்களும் அவரே. 1949இல் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடங்கள். தம்மை மறைத்துப் பிறராக மாறுவதிலேயே அவர் இன்பங் கண்டார் எனலாம்.

இருவருக்கும் பொதுவான ஓர் உரைகல் உண்டு. 'கண்ணகி'யில் சின்னப்பாவுக்கும், 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதருக்கும் வசனம் எழுதியவர் ஒருவரே, அவர் இளங்கோவன். கோவலனாக வந்த சின்னப்பாவின் வாயில் வசனமே நடிப்பாகிறது. பாகவதரிடத்தில் வசனம், வரவிருக்கும் பாட்டுக்கு வழி வகுக்கும் வாயிலாகிறது. ஆயினும் பாகவதருக்கு நடிக்கத் தெரியாது என்பது பிழை. பெற்றோரை இகழ்ந்து பின் கால்களை இழந்து, ஊர்ந்து சென்று அவர்களுக்குத் தொண்டு புரியும் ஹரிதாஸின் கழிவிரக்கம், பாடலை நீக்கிப் பார்த்தாலும் நெஞ்சைத் தொடும்.

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த அந்தப் படம் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன் நாயகன் சிறை புகுந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் விதிக்கப்பட்ட தண்டனை, பிரிவிக் கவுன்சில் வரை வழக்குச் சென்றபின், 1947இல் நீங்கியது. பாகவதர் விடுதலையானார். வெளியே வந்தவரின் குரல் இருந்தது. அவரை நாயகனாக்கிய காலம் போய்விட்டது. 'வேலைக்காரி'யும் 'பராசக்தி'யும் தோன்றிய ஆண்டுகளில் மக்கள் பாட்டைவிட வசனத்துக்குச் செவிசாய்த்தனர். பாடுவதற்குத் தனியே பின்னணிப் பாடகரும் வந்துவிட்டனர். 'ராஜமுக்தி'யும் அதன் பின் வந்த படங்களும் பழைய வெற்றியை மீட்டுத் தரவில்லை. மொத்தம் 14 படங்களே நடித்த அவர், 1959 நவம்பர் 1ஆந் தேதி மறைந்தார்.

வசனமும் வேடமும் ஆட்சி செய்த அப்புதுக் காலம் சின்னப்பாவின் ஆற்றலுக்கு ஏற்றதாயிருந்திருக்கும். ஆனால் 1951 செப்டெம்பரில், 35ஆவது வயதிலேயே அவர் காலமானார். ஒருவருக்கு ஆயுள் இருந்தும் காலம் விலகியது. மற்றவருக்குக் காலம் கனிந்தும் ஆயுள் நிலைக்கவில்லை.

இருவரும் விட்டுச் சென்றவை வெவ்வேறானவை. 1958இல் சிவாஜி கணேசன் அதே 'உத்தம புத்திரன்' கதையில் இரட்டை வேடம் ஏற்றபோது, சின்னப்பா வகுத்த பாதை தொடர்ந்தது. பாகவதர் பாதைக்கு அத்தகைய வாரிசு எவருமிலர். ஒரு குரலையே மூலதனமாகக் கொண்ட கலையைப் பிறர் கற்றுத் தொடர்தல் அரிது. அதனாலன்றோ, சின்னப்பாவை நினைப்பவர் அவர் பூண்ட வேடங்களை எண்ணுகின்றனர். பாகவதரை நினைப்பவரோ, தம்மையறியாமலே பாடத் தொடங்கிவிடுகின்றனர்.