அப்பா பெயரில் உள்ள வீட்டை விற்குமுன்



பால் மரம் வெட்டியும் அன்னாசித் தோட்டத்தில் உழைத்தும் நம் பெரியவர்கள் சேர்த்த பணம், சிம்பாங் ரெங்கத்தில் தாமான் வீடுகளாக நிற்கிறது. பெரியவர் போய்விட்டார், கிராண்டில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று பிரிந்துவிட்டார்கள். விற்கும்போதுதான் வருகிறது சிக்கல்.

பழைய வீட்டை விற்பவர் இன்னின்னதைத் தெரிவிக்க வேண்டும் என்று தனிப் பாரம் எதையும் நம் நாட்டுச் சட்டம் வைக்கவில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் தெரிந்ததை முனைந்து மறைப்பது மோசடி. "நாங்கள் இருவர்தான் வாரிசு" என்று சொல்லி, தங்கை இருப்பதை மறைத்து முன்பணம் வாங்குவது மௌனமா? வாங்குபவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம்.

உயில் இல்லாமல் இறந்தவருக்கு 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் உண்டு. அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லையென்றால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. 1,80,000 வெள்ளி வீடென்றால் அம்மாவுக்கு 60,000. மூன்று பிள்ளைகளுக்குத் தலா 40,000. திருமணமாகிப் போன மகளுக்கும் அதே 40,000தான். "சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

வளர்ப்புப் பிள்ளையாக இருந்தால், 1952ஆம் ஆண்டு தத்துச் சட்டப்படி நீதிமன்ற ஆணை வேண்டும். 1982 மார்ச் 1க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியும் சட்டப்படி பதிவு செய்யாத பெண்கள் தங்கள் பங்கைப் பெற மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கும். இந்த மேடையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நிலம், வீடு அடங்கிய சொத்து 50 இலட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால் சிறு சொத்துப் பங்கீட்டு விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலை வரை இந்த வரம்பு 20 இலட்சமாக இருந்தது. வாரிசுகள் பெயர் கிராண்டில் ஏறிய பிறகு, முழு வீட்டையும் விற்க அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம் பெற்றவரும், 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்ற அனுமதி இல்லாமல் வீட்டை விற்க முடியாது.

விற்பவர்கள் முன்பணம் வாங்கும் முன்பே எல்லா வாரிசுகளின் பெயரையும், பத்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்கள் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து, கேவியட் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். சொல்லாமல் விடப்பட்ட தங்கையின் பெயர் அந்தத் தாளில் இருக்காது. அதை விற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.